மார்லிஸ் வீட்டில் நாற்றம் இல்லை

நார்டாலென் நகராட்சி மனித மூக்கைச் சும்மா நம்பிவிடுவதில்லை. ஒரு நாற்றம் சட்டப்படி நாற்றமாக வேண்டுமானால், அக்கம்பக்கத்தார் மூன்று பேர் வாய் திறந்து அப்படிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் மூக்கு செல்லாது. அது தன் கட்சியைத்தானே பேசும்!

நியாயமான விதிதான். ஆனால் எங்கள் மின்னசோட்டாவில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் சுட்டுக் கொடுத்தனுப்பிய கேஸரோல் பதார்த்தம் கரிக்கட்டையாக இருந்தால், "வித்தியாசமா இருக்கே" என்போம். அதற்கு மேல் கடுஞ்சொல் எங்களிடம் கிடையாது.

இந்த நிலையில்தான் என் பக்கத்து வீட்டு மார்லிஸ் எங்கெப்ரெட்சனின் வீட்டுக்கு அடியில் ஒரு ஸ்கங்க் வளை தோண்டிக் குடியேறி, குட்டிகளும் போட்டது. கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. வாலைத் தூக்கி நாற்றத்தைப் பீய்ச்சினால் தெரு முழுக்கக் கண்ணீர். ஜூனில் மார்லிஸின் மகள் கிறிஸ்டாவுக்கு அதே வீட்டுத் தோட்டத்தில் கல்யாணம். மார்லிஸ் நகராட்சிக்கு ஓடினாள்.

லாய்ல் வந்தார். போன வருஷம்வரை அவர் நாய் பிடிப்பவர். இப்போது 'உயிரின நல்லிணக்க அலுவலர்'. சம்பளம் அதே, வண்டி அதே. வலையை மட்டும் அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அது நல்லிணக்கத்துக்கு விரோதமாம்.

"ஸ்கங்க்னு சொல்லாதீங்க மார்லிஸ். 'தரையடிவாசி'ன்னு சொல்லணும்."

"என்னவோ ஒண்ணு! கல்யாண கவுன்ல வாடை ஏறிடுச்சு லாய்ல். தக்காளிச் சாறுல ஊறவெச்சும் போகல. இப்போ சிவப்பா நாறுது. ஒரு கூண்டு வைங்களேன்."

"வெச்சிடலாம். மூணு பேர் சொல்லட்டும்."

"உங்களுக்கே கண்ணுல தண்ணி கொட்டுதே!"

"கல்யாணப் பேச்சு எடுத்தாலே நான் இப்படித்தான்."

விசாரணை என் வீட்டிலிருந்து தொடங்கியது. நான் மூக்கில் ஈரத்துண்டைப் பிடித்தபடி கதவைத் திறந்தேன். லாய்லுக்குப் பின்னால் மார்லிஸ் நின்றிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"வாடையா? கவனிக்கலையே," என்றேன்.

எதிர்வீட்டு டெல்மர் கொஞ்சம் யோசித்தார். "வித்தியாசமா இருக்கு. ஆனா நல்ல வித்தியாசம்."

மார்லிஸ் கைகூப்பாத குறை. "டெல்மர், ஒரே ஒரு தடவை நாறுதுன்னு சொல்லிடுங்க!"

"சேச்சே! உங்க வீட்டைப் போய் அப்படிச் சொல்வேனா?"

தெருவே பண்போடு நடந்துகொண்டது. நகராட்சி ஆணை பிறப்பித்தது: 'மேற்படி முகவரியில் நாற்றம் ஏதும் நிலவவில்லை என விசாரணையில் தெரியவருவதால், அதனை உண்டாக்கும் பிராணி அங்கு வசிக்க முகாந்திரம் இல்லை.'

கல்யாணத்துக்கு எல்லோரும் போனோம். எலுமிச்சை ஜெல்லியும் கேஸரோலும் கொண்டுபோனோம். மாப்பிள்ளையின் அம்மா ரோஸலி டெமார்க்கோ நியூஜெர்ஸியிலிருந்து வந்திருந்தாள். பாதிரியார் ஆரம்பித்ததும் ஸ்கங்க் தன் குட்டிகளோடு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தது. நாங்கள் காலை மடக்கி வழிவிட்டோம். டெல்மர் "மன்னிக்கணும்" என்றுகூடச் சொன்னார். அது மணமக்கள் முன்னால் நின்று வாலைத் தூக்கியது.

"இந்த மறக்க முடியாத நாளில்..." என்று பாதிரியார் தேம்பினார்.

ரோஸலி எழுந்தாள். "அடக் கடவுளே! என்ன கண்றாவி நாத்தம் இது! உங்கள்ல ஒருத்தருக்கும் மூக்கே இல்லையா?"

மார்லிஸின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா லாய்ல்? சொல்லிட்டாங்க! வாய்விட்டுச் சொல்லிட்டாங்க!"

"அவங்க வெளிமாநிலம். அந்த மூக்கு இங்கே செல்லாது."

ஸ்கங்கை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் ரோஸலியைத்தான் பார்த்தோம். கல்யாண வீட்டில் இப்படியா பேசுவது? எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை நகராட்சியில் புகார் கொடுத்தோம், வெளியூர் விருந்தாளி ஒருவர் தகாத சொல்லால் தெருவின் நிம்மதியைக் குலைத்துவிட்டார் என்று. மூன்று பேர் போதும். ஆனால் தெருவே திரண்டு வந்தது. நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக மார்லிஸ் வந்தாள். வரும்போதே அவளுடைய வாடையும் கூட வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"என் சம்பந்திதான், இல்லேங்கல," என்று பேனாவை வாங்கினாள். "இருந்தாலும் நாத்தம்னு முகத்துக்கு நேரா சொல்லலாமா?"