மூளைக்குத் தனி, மோட்டாருக்குத் தனி

மச்சான் போனை வைத்த கையோடு பவர்காரர் சபதம் எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் மாப்ளே. தங்கச்சியை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். கால் சரியாகற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கும் கடை இருக்கு, பாவம்" என்று மனைவியின் அண்ணன் சொல்லிவிட்டார். அந்தப் 'பாவம்'தான் பவர்காரரைச் சுட்டது.

மின்விசிறியைத் துடைக்க முக்காலி மேல் ஏறிய மனைவி, இறங்கும்போது முக்காலியோடு சேர்ந்து இறங்கிவிட்டாள். கணுக்காலில் மாவுக்கட்டு. காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பவர்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தெருவில் பாதிப் பேர் கண்ணுக்குப் பவர் பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர். கடை கீழே, வீடு மாடியில். மனைவி மணியடித்தால் மாடிக்கு ஓடுவார். வாடிக்கையாளர் மோவாயை மெஷினில் வைத்தபடி கீழே தவம் கிடப்பார். ஒருத்தர் அப்படியே தூங்கிக் குறட்டையும் விட்டிருக்கிறார்.

அவள் இல்லாத வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். 'போகாதே' என்று சொல்ல வாயெடுத்தார். வேறு என்னவோ வந்தது.

"ரோபோ செய்யப் போறேன்!"

"எதுக்குங்க?"

"ரிமோட்டை அழுத்தினா வரும். தண்ணி, மாத்திரை எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு சமையலறையிலேர்ந்து நேரா உன் கட்டிலுக்கு வரும். உன்னை நல்லாப் பார்த்துக்கிறோம்னு உங்கண்ணன் தெரிஞ்சிக்கணும்."

"தண்ணியைக் கட்டில் பக்கத்துலயே வச்சிட்டா?"

"அது பழைய முறை."

"மாத்திரையும் பக்கத்துலயே..."

"நீ விஞ்ஞானத்துக்கே எதிரி!"

ஒரு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு குட்டி மோட்டார், நாலு சக்கரம், மூளையாக ஒரு சின்ன போர்டு, எல்லாவற்றுக்கும் சோறு போட ஒரே ஒரு பேட்டரி. கூடத்தில் கடை பரப்பி உட்கார்ந்தார். லென்ஸைச் சட்டத்தில் பொருத்தும் பொடி ஸ்குரூ டிரைவர் இதற்கும் உதவியது. வண்டி தயாரானது. மனைவி அதற்குச் சின்னவர் என்று பெயர் வைத்தாள்.

ரிமோட்டை அழுத்தினார். சின்னவர் ஒரு எட்டு துள்ளினார். போர்டிலிருந்த குட்டி விளக்கு அணைந்தது. நின்றார். விளக்கு எரிந்தது. மறுபடி ஒரு எட்டு. மறுபடி இருட்டு. தட்டிலிருந்த டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் மட்டும் கட்டில் வரை போய்ச் சேர்ந்தது.

"தண்ணி வந்திடுச்சுங்க" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு ரேடியோ ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார். அவர் வண்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஊருக்கே பவர் பாக்கறீங்க, இதுக்குப் பவர் பாக்கலியே சார்! மோட்டார் கிளம்பறப்போ கரண்டை மொத்தமா உறிஞ்சிடுது. அந்த நேரத்துல போர்டு மயக்கம் போட்டுடுது. தெளிஞ்சு எழுந்திரிச்சதும் மறுபடி மோட்டாரைக் கிளப்புது, மறுபடி மயக்கம்."

"என்ன பண்ணலாம்?"

"பாகப்பிரிவினைதான். மூளைக்குத் தனி பேட்டரி, மோட்டாருக்குத் தனி பேட்டரி. ஆனா இந்தக் கறுப்புக் கம்பியால ரெண்டோட மைனஸையும் சேர்த்துடணும். அது இல்லேன்னா மூளை சொல்றது மோட்டாருக்குக் கேக்காது."

"இந்த வீட்டுல எப்பவுமே அப்படித்தான்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

ஞாயிறு காலை. சின்னவர் சமையலறையிலிருந்து கிளம்பி, கதவோரம் வளைந்து, கட்டிலருகே வந்து சமர்த்தாக நின்றார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பவர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி சின்னவரின் தலையைத் தடவிக் கொடுத்தாள். வெற்றிக் களிப்பில் அவர் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கப் போனார். திரும்பி வந்து சின்னவரைக் கொண்டுபோய்ச் சமையலறை வாசலில் நிறுத்தவும், மச்சான் படியேறி வரவும் சரியாக இருந்தது.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கையின் துணிப்பெட்டி எங்கே என்று பார்வையாலேயே தேடினார்.

"மச்சான், ஒரு நிமிஷம் இங்க பாருங்க." ரிமோட்டை அழுத்தினார்.

விளக்கு எரிந்தது. சக்கரம் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். சின்னவர் அவரைப் பார்த்து முழித்துக்கொண்டே இருந்தார். அவசரத்தில் பேட்டரியைக் கழற்றினார், மாட்டினார், துணியால் துடைத்தார், ஊதினார். பலனில்லை.

"என்னங்க, மாத்திரை நேரம்" என்றாள் மனைவி.

ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடினார். வெந்நீரைப் பச்சைத் தண்ணீரில் விளாவி, சொந்த உதட்டில் வைத்துச் சூடு பார்த்துக் கொண்டுவந்தார். மாத்திரையை இரண்டாக உடைத்துக் கொடுத்தார். முழுதாகக் கொடுத்தால் அவளுக்குத் தொண்டையில் நிற்கும். அவள் முகம் லேசாகச் சுளித்ததுமே காலைத் தூக்கித் தலையணையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைக் கண்ணாடி துடைக்கும் மெத்துத் துணியால், லென்ஸைத் துடைப்பது போலவே ஒவ்வொன்றாகத் துடைத்தார். இத்தனைக்கும் 'மாத்திரை நேரம்' என்றதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மச்சான் உட்கார்ந்திருப்பதையே அவர் மறந்து போயிருந்தார்.

நினைவு வந்ததும் தலை குனிந்தார்.

"வண்டி காலையில ஓடிச்சு மச்சான். சத்தியமா ஓடிச்சு. இன்னும் ரெண்டு நாள் குடுங்க. அவ... அவ இங்கேயே இருக்கட்டும். அவ இல்லேன்னா எனக்கு வீட்டுல ஒண்ணுமே ஓடாது."

மச்சான் எழுந்தார்.

"நான் கிளம்பறேன் மாப்ளே. இவ இங்கேயே இருக்கட்டும். என் வீட்டுல இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய யாரு இருக்கா?" படியிறங்கும்போது திரும்பினார். "அந்த பொம்மையைத் தூக்கி ஓரமா வைங்க. யாராவது தடுக்கி விழப் போறாங்க."

பவர்காரர் கட்டிலோரம் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏன் ஓடலைன்னே தெரியலம்மா. எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

மனைவி தலையணைக்கு அடியில் கையை விட்டாள். விரலில் ஒரு கறுப்புக் கம்பி சுற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க குளிக்கறப்போ உருவினேன்."

"அடிப்பாவி!"

"அது ஓடியிருந்தா, 'என் தங்கச்சியை பொம்மைகிட்ட ஒப்படைச்சிட்டீங்களா'ன்னு அண்ணன் அப்பவே என்னைத் தூக்கிட்டுப் போயிருப்பாரு. அவர் பாக்க வந்தது பொம்மையை இல்லீங்க, உங்களை. நீங்க ஓடறீங்களான்னு பாக்கத்தான் வந்தாரு."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல விரலை நீட்டினார்.

"சரி, கம்பியைக் குடு. நாளையிலேர்ந்து சின்னவர் பாத்துக்கட்டும். எனக்கும் படியேறி ஏறி முட்டி வலிக்குது."

அவள் கம்பியைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"சின்னவர் தண்ணியை வச்சிட்டு நின்னுக்குவாரு. நீங்க வந்தா கொஞ்ச நேரம் உட்காருவீங்க. கம்பி என்கிட்டயே இருக்கட்டும். ஒரு டீ போட்டு எடுத்துட்டு வாங்க."

மூளை தலையணையில் சாய்ந்துகொண்டது. மோட்டார் எழுந்து சமையலறைக்குக் கிளம்பியது.