அப்பாவின் நாற்காலி கலையான கதை

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அப்பாவுக்காக வாதாடவில்லை. நியாயத்துக்காக வாதாடினேன். பல்கலைக்கழக விவாதக் குழுவில் இருப்பவள், கண்ணெதிரே ஓர் அநியாயம் நடக்கும்போது சும்மா இருந்தால் அவளுக்கு வாய் எதற்கு? இதைத் தோழிகளிடம் கேட்டால், "நீ சும்மா இருந்ததா சரித்திரமே இல்லையேடி" என்கிறார்கள். ஆகவே நீங்களே படித்துத் தீர்ப்பு சொல்லுங்கள்.

இன்னொன்று. கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்பா "சொன்னார்", அம்மா "சொன்னாள்" என்று எழுதுகிறார்கள். அது என்ன, அப்பாவுக்கு மட்டும் ஒரு "ர்"? இந்தக் கதையில் அம்மாவுக்கும் "ர்" தான். கடைசி வரை படித்தால், அந்த எழுத்து யாருக்கு அதிகம் பொருந்துகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அப்பா பல் மருத்துவர். அம்மா எங்கள் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் பொறுப்பாளர். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஒரே ஜோக்கைச் சொல்வார்.

"பல் நான். கலை இவ. ரெண்டும் சேர்ந்து பல்கலைக்கழகம்!"

"கழகம் இல்லீங்க, கலகம்" என்பார் அம்மா.

வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டே சிரிப்பார்கள். பல் மருத்துவர் எதிரில் வாயைத் திறந்து சிரிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தக் கலகத்துக்குக் காரணம் ஒரு நாற்காலி. எங்கள் கூடத்தின் ஒரே ஜன்னலை முழுசாக மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பஞ்சு வைத்துத் தைத்த பெரிய சாய்வு நாற்காலி. பச்சையாக இருந்த காலம் உண்டாம், நான் பார்த்ததில்லை. தையல் பிரிந்த இடங்களில் எல்லாம் பஞ்சு வெளியே எட்டிப் பார்த்து எங்கள் குடும்ப விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். முன்னங்கால் ஒன்று பிளந்தபோது அப்பா தச்சரைக் கூப்பிடவில்லை. பல் அடைக்கிற சிமென்டைக் கொண்டுவந்து தானே குழைத்து அடைத்தார். "இனிமே இந்தக் காலுக்குச் சொத்தையே வராது" என்று தட்டிக்கொடுத்தார்.

"அதைத் தூக்கிப் போடுங்களேன்" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது.

"ஊரே நாள் முழுக்க என் நாற்காலியில சாயுது. நான் பக்கத்துல நிக்கறேன். வீட்டுக்கு வந்தாவது நான் சாய வேணாமா?"

இது அசைக்க முடியாத வாதம். என் படிப்பு மேஜையோ குளியலறைக் கதவை ஒட்டி, ஈரத்திலும் இருட்டிலும் கிடந்தது. அந்த ஜன்னல் மேல் எனக்கும் ஒரு கண் உண்டுதான். ஆனால் நியாயம் வேறு, ஜன்னல் வேறு.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அம்மா ரொம்பக் கனிவாகப் பேசினார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"என்னங்க, அடுத்த கண்காட்சிக்கு 'உட்கார்ந்த இடம்'னு பேர் வச்சிருக்கேன். மனுஷங்க பழகிப் பழகித் தேய்ஞ்ச சாமான்களை வைக்கப் போறோம். எல்லாம் கிடைச்சிடுச்சு. நடுவுல வைக்கத்தான் கம்பீரமா ஒண்ணும் அமையல."

"அதுக்கு?"

"உங்க நாற்காலி மாதிரி ஒண்ணு தேடறேன். எங்கே கிடைக்கும்?"

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "ஏன், என் நாற்காலிக்கு என்ன குறை?"

"ஐயையோ, அதைக் கேக்க எனக்கு மனசு வருமா? உங்க உயிராச்சே!"

"கேட்டாத்தானே தெரியும்! ஒரு மாசம்தானே? எடுத்துட்டுப் போ."

"பாக்க வர்றவங்க எல்லாம் இது யார் உட்கார்ந்ததுன்னு கேப்பாங்க..."

"என் பேரைப் போட்டுடு."

"அப்பா, இதுல ஏதோ..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இரும்மா. உங்கம்மா இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் ரசனையைப் புரிஞ்சுக்கிட்டிருக்கா."

மறுநாள் வண்டி வந்தது. அப்பாவே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினார். வண்டி தெருமுனை திரும்பும் வரை கையாட்டினார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற அப்பாக்கள் இப்படித்தான் நிற்பார்களாம். எனக்கு இப்படி ஒரு வழியனுப்பு கிடைக்குமா என்பது சந்தேகம்.

நாற்காலி போன பிறகுதான் அப்பாவுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் குத்துகிறது என்றார். கட்டிலில் சாய்ந்தால் தூக்கம் வருகிறது என்றார். படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன டாக்டர், வீட்டுச் சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கடைசியில் தாங்க முடியாமல் கலைக்கூடத்துக்கே கிளம்பினார். துணைக்கு நான்.

வெள்ளைச் சுவர், வெள்ளை மேடை, மேலிருந்து ஒரு விளக்கு. சுற்றிலும் கயிறு கட்டி, நடுவில் எங்கள் நாற்காலி. உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் கர்வப்பட்ட மாதிரி இருந்தது. அப்பா கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"தொடாதீங்க!"

கலைக்கூடக் காவலாளி. நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையே பேசுவதால் அவருக்கு மாணவர்கள் வைத்த பெயரே "தொடாதீங்க அண்ணன்".

"இது என் நாற்காலிங்க" என்றார் அப்பா.

"இப்ப இது கலை, சார்."

"போன வாரம் வரைக்கும் நாற்காலியாத்தானே இருந்துச்சு?"

"போன வாரம் வரைக்கும் நீங்களும் உட்கார்ந்துட்டுத்தானே சார் இருந்தீங்க?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பொருளைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டால் அதன் இயல்பு மாறிவிடுமா? அப்படியானால் கொடியில் காயும் என் துணியெல்லாம் கலையா? அண்ணனிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாப்பா, கயித்துல சாயாதீங்க" என்றார்.

ஒரு மாசம் முடிந்தது. நாற்காலி வரவில்லை.

"நல்ல வரவேற்புங்க. அதனால நீட்டிச்சிருக்கோம்" என்றார் அம்மா.

"எது வரைக்கும்?"

"மக்கள் விரும்பற வரைக்கும்."

அப்பா பல்லைக் கடித்தார். பல்லைக் கடிக்கக் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவர் கடித்தார் என்றால் எவ்வளவு வலி இருக்க வேண்டும்!

அடுத்த நாள், "உன் பல்லைப் பார்க்கணும், வா" என்று கிளினிக்குக்கு வரச் சொன்னார். நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்து, கதவைச் சாத்திவிட்டுத் திட்டத்தைச் சொன்னார். என்னோடு விவாதம் இல்லாமல் பேச அவர் கண்டுபிடித்திருக்கிற ஒரே வழி இது.

"அம்மாகிட்ட நீ பேசு. அந்த நாற்காலியில ஆள் உட்காரணும், அதுதான் முழுமையான கலைன்னு அடிச்சுப் பேசு. நான் உட்கார்றேன். பேப்பரை விரிச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கற ஆளை எவன் வந்து பாப்பான்? ஒரே வாரம். கூட்டம் காலி, கண்காட்சி காலி, நாற்காலி வீட்டுக்கு! அப்புறம் ஜன்னல்ல பாதி உனக்கு. சம்மதமா?"

"ஆ... ஆ..."

"சம்மதம்!" என்றார் அப்பா.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் நான் பேசிய பேச்சை விவாதக் குழுவில் பேசியிருந்தால் கோப்பை நிச்சயம். நாற்காலி என்பது என்ன? உட்காருவதற்காகப் பிறந்தது. அதைத் தொடாதே என்பது குடையை நனையாமல் பாதுகாப்பதற்குச் சமம். இறுதியாக மேஜையைத் தட்டிச் சொன்னேன்: "உட்கார ஆள் இல்லாத நாற்காலி முழுமை ஆகாது!"

அம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு குறுக்குக் கேள்வி கூட இல்லை.

"நல்லா இருக்கே" என்றார். "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லு."

பெருமையாக இன்னொரு தடவை சொன்னேன்.

"நியாயம்தான். ஆளையும் சேர்த்துடலாம். ஆனா என்னங்க, கலைன்னு ஆயிட்டா சில விதிமுறை இருக்கு. பேசக் கூடாது. சாப்பிடக் கூடாது. கிளினிக் முடிஞ்சதும் நேரா வந்துடணும், கூடம் மூடற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. லீவு நாள்ல காலையிலேயே வந்துடணும்."

"சரி, சரி, சரி" என்றார் அப்பா. அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கண்காட்சிக்கு முடிவு கட்டியாயிற்று என்று நினைத்தோம்.

முதல் நாள் நான்கு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்து எனக்கு நான்கு விரலைக் காட்டினார். "தொடாதீங்க" அண்ணன் என்னை முறைத்தார்.

இரண்டாம் நாள் பேப்பர் நழுவியது. அப்பா தூங்கிவிட்டார். பிறகு குறட்டை விட்டார்.

அங்கேதான் திட்டம் குப்புற விழுந்தது. அந்தக் கூடத்தில் சின்னச் சத்தமும் எதிரொலிக்கும். அப்பாவின் குறட்டை சுவரில் மோதி, திரும்பி வந்து, அவரையே எழுப்பி, மறுபடி தூங்க வைத்தது. ஓவியத் துறை மாணவர்கள் பலகையோடு தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்கள். குறுந்தாடி வைத்த பேராசிரியர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உழைப்பின் முடிவில் எழும் ஓலம்" என்றார். வாரக் கடைசியில் வாசல் வரை வரிசை நின்றது.

அப்பாவின் நோயாளிகளும் வந்தார்கள். ஓர் அம்மாள் கயிற்றுக்கு வெளியே நின்று வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

"டாக்டர், நீங்க அடைச்ச பல்லு கூசுது. புடுங்கணுமா, வேணாமா?"

அப்பாவின் உதடு துடித்தது.

"பேசாதீங்க சார்!" என்றார் அண்ணன்.

எத்தனை பேர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டிருப்பார்! இப்போது அவர் சாய்ந்திருக்கிறார், நோயாளி நின்று கேட்கிறார், பதில் சொல்ல வழியில்லை. மற்றவர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். நான் கொதித்தேன். சரி, கொஞ்சம் சிரித்துவிட்டும் கொதித்தேன்.

மறு வாரம் அம்மா வீட்டில் அறிவித்தார். "பல்கலைக்கழகம் அதை நிரந்தரமா எடுத்துக்கறாங்களாம்."

"நாற்காலியையா?" என்று அலறினேன்.

"அது மட்டும் தனியா முழுமை ஆகாதேம்மா. மொத்தமாத்தான்."

கலைக்கூடத்துக்கு ஓடினேன். மேடைக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அட்டை மாட்டியிருந்தார்கள். அப்பா அதையே வெறித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டை அசைக்காமல் முனகினார்.

"அம்மாடி, இதுக்கெல்லாம் என்ன பொருள்?"

அட்டையைப் படித்தேன்.

*உட்கார்ந்த இடம். பொருள்: மரம், பஞ்சு, பல் சிமென்ட், கணவர். நன்கொடை: மனைவி.*

"பொருள் போட்டிருக்குப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"வாதாடு! போய் வாதாடு!" என்றார். சற்று உரக்கவே சொல்லிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒலி சேர்த்திருக்கிறார்கள் என்று யாரோ பாராட்டினார்.

வாதாடத்தான் வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் குறிப்பு எடுத்துக்கொண்டேன். மனிதன் சொத்தல்ல, சொத்தல்லாததை நன்கொடை தர முடியாது, ஆகவே... அதே சமயம், ஜன்னல் காலியாக இருக்கிறதே, மேஜையை இழுத்துப் போட்டுவிட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து வாதத்தை எழுதலாமே என்றும் தோன்றியது. நியாயமும் ஜன்னலும் ஒன்றாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன முட்டாளா?

கதவைத் திறந்தேன். ஜன்னலோரத்தில் புத்தம் புதிய சாய்வு நாற்காலி. அதில் அம்மா, கால் மேல் கால் போட்டு, கையில் டீயோடு, முகமெல்லாம் வெளிச்சம்.

"அம்மா! இது என் மேஜைக்கு வேண்டிய இடம்! நீங்க எழுந்து..."

அம்மா ஒரு வாய் டீ குடித்தார்.

"எழுந்திருக்கலாம்தான். ஆனா உட்கார ஆள் இல்லாத நாற்காலி முழுமை ஆகாதாமே, நீதானேடி சொன்ன?"