எண்டார்பின் அண்ணன்

தன் உடம்புக்குள் அபின் இருப்பதாகத் தானே ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, சிங்கப்பூரில் சுதந்திரமாக உலவிய ஒரே மனிதர் எங்கள் எண்டார்பின் அண்ணன்தான்.

ஆங் மோ கியோவில் நான் வேலை பார்த்த கிடங்கின் மேற்பார்வையாளர் அவர். ஓடினாலும் காரம் தின்றாலும் சிரித்தாலும் மூளை அபின் மாதிரி ஒன்றைத் தானே சுரக்கும், அதன் பெயர் எண்டார்பின், அது ஊறினால் வலி தெரியாது என்று எங்கோ படித்துவிட்டார். அன்றோடு மாத்திரையை அவர் விட்டார். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் விட்டோம்.

ஒருநாள் மாலை இருவரும் தேக்காவுக்கு ரயிலில் போனோம். தலைவலி தாங்காமல் நான் நெற்றியைப் பிடித்ததுதான் தப்பு.

"மாத்திரை எதுக்கும்மா? என் உடம்புலயே அபின் ரெடியாவுது. இப்பக்கூட நல்லா ஏறியிருக்கு!" என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

"அண்ணே, மெல்ல! இது சிங்கப்பூர்!"

"என்ன பயம்? நேச்சுரல் லா!"

எதிரில் இருந்த தமிழ்த் தம்பதி எழுந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்கள். இறங்கினால், அவர்கள் தகவல் சொல்லிவிட்டார்களோ என்னவோ, நிலைய ஊழியர்கள் இருவர் காத்திருந்தார்கள். அண்ணன் அசரவில்லை. எண்டார்பின் எப்படி ஊறும் என்று காட்ட, அங்கேயே முப்பது தோப்புக்கரணம் போட்டார்.

"அங்கிள், ப்ளீஸ் கோ ஹோம்," என்றார் ஒருவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அடுத்து கம்பெனி ஓட்டப் பந்தயம். பாதி வழியில் கால் பிசகி விழுந்தவர், "வலியே இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடி முடித்து, ஒரு குத்தாட்டமும் போட்டார். எல்லாரும் நாசி லெமாக் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவருடைய அலறல் கேட்டது. கணுக்கால் எலும்பில் விரிசல்.

"என்னண்ணே, எண்டார்பின் எங்க?"

"ஸ்டாக் முடிஞ்சிருச்சும்மா. மாத்திரை இருந்தா ரெண்டு குடு."

அவர் ஊன்றுகோலோடு நடந்த நாட்களில்தான் எனக்கு வயிற்றில் கட்டி என்று அறுவை சிகிச்சை நடந்தது. அது புற்றுநோய்க் கட்டியா என்ற பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பயத்தில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். புக்கிட் பாத்தோக்கில் இருந்த தன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்த அண்ணன், நலம்கூட விசாரிக்காமல், எங்கள் மேனேஜர் தும்முவதை அப்படியே நடித்துக் காட்டினார்.

"சிரிம்மா, நல்லா ஊறட்டும்!"

"ஐயோ, தையல் பிரியுதுண்ணே!"

நர்ஸ் வந்து அவரை வெளியே அனுப்பினார். அன்று எனக்கு வலி குறையவே இல்லை, கூடியது.

நான்காம் நாள் முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். என் அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல், முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன்.