ஆண்டவருக்கு லிஃப்ட் விளக்கிய கதை

படிப்பை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தபோது நான் ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தேன். பெரிய முடிவுகளை எடுக்க அதைவிட உயர்ந்த இடம் எனக்கு வாய்த்ததில்லை. கீழே பல மாடி ஆழம். மேலே எண்ணெய் சொட்டும் கம்பிக் கயிறு. கையில் ஸ்பேனர். மனதில் தியாகம்.

தியாகம்தான். பயம் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் இஷ்டம். என் மனைவி விடிவதற்குள் எழுந்து ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போகிறாள். அங்கே ஊர்ஜனங்களின் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடி ரத்தம் எடுக்கிறாள். சாயங்காலம் பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்து பட்டப்படிப்பு படிக்கிறாள். ஞாயிறு காலை சபையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். நடுநடுவே என்னையும் வைத்துக் குடும்பம் நடத்துகிறாள். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுப்பதில்லை. நானும் பகலில் லிஃப்ட் மெக்கானிக், மாலையில் மாணவன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தால் பாத்திரம் தேய்ப்பது யார்? யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டாமா? விட்டுக்கொடுக்க நான் தயார். என் பெரிய மனதை நினைத்து லிஃப்டின் தலைமேலேயே எனக்குக் கண் கலங்கியது.

இந்தப் பெரிய மனதுக்குப் பின்னால் ஒரு சின்ன விஷயமும் இருந்தது. கடைசி வருட புராஜெக்டை முடித்தவன் மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் நின்று அதை வாயால் விளக்க வேண்டும். போன தடவை நான் கதவு வரைக்கும் போனேன். உள்ளே மூன்று நாற்காலி, மூன்று மூக்குக் கண்ணாடி. கைப்பிடியைத் தொட்டேன். அப்படியே வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போர்த்திவிட்டுப் போனாள். மறுவாய்ப்பு அடுத்த வாரம். இதற்கும் போகாவிட்டால் இத்தனை வருடப் படிப்பும் காலி.

கயிற்றில் தொங்கச் சொன்னால் தொங்குவேன். நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறவர்களைக் கண்டால்தான் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வாராவாரம் ஒருவர் வீட்டில் நடக்கும் சபை ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் வாய்விட்டு ஜெபிப்பார்கள். நான் ஆமென் மட்டும் கணீரென்று சொல்வேன்.

முடிவை முதலில் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவரும் எங்கள் சபைக்காரர், நல்ல மனிதர். இனிமேல் சாயங்கால வேலை இருந்தால் எனக்கே கொடுங்கள் அண்ணே என்றேன். வீட்டில் சொல்லியாச்சா தம்பி என்று கேட்டார். சொன்ன மாதிரிதான் அண்ணே என்றேன்.

வீட்டில் சொல்வதில்தான் சிக்கல். என் மனைவி சண்டை போடுகிறவள் இல்லை. சண்டை என்றால் நானும் ஒரு கை பார்ப்பேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். 'ஏன்?' அவ்வளவுதான். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதில் தானாக வெளியே வந்து விழும். அதனால் நான் வேறு வழி வைத்திருந்தேன்.

தினமும் சேர்ந்து ஜெபம் பண்ணுங்கள் என்று கல்யாணத்தன்று போதகர் சொன்னார். அன்றிலிருந்து ஒருநாள் அவள், ஒருநாள் நான் என்று முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. இந்தச் சட்டம் மட்டும் நான் போட்டது. ஆண்டவரோடு பேசுகிறவரை மறிப்பது மரியாதையா என்று கேட்டேன். அவளும் ஒப்புக்கொண்டாள். கொஞ்ச நாளிலேயே சட்டத்தின் அருமை தெரிந்தது. "ஆண்டவரே, அவளுடைய ஒன்றுவிட்ட மாமா வீட்டுக்குப் போகும் பயணத்தில் எங்களுக்குத் தடைகளை அனுப்பும்" என்று நான் ஜெபித்தால் அவளால் ஏன் என்று கேட்க முடியாது. பதிலுக்கு மறுநாள் அவள், "ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவர்களை மன்னிக்கும் இருதயத்தைத் தாரும்" என்பாள். ஆமென் சொல்லிவிட்டு நான் துண்டை எடுத்துக் கொடியில் போடுவேன். எங்களை வேஷக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே நம்பித்தான் ஜெபிக்கிறோம். போகிற வண்டியில் வீட்டு விஷயமும் ஒன்றிரண்டு ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இருவருக்கும் வகுப்பில்லாத ஒரு சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். அன்று ஜெபம் என் முறை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் வரிசையாக நின்றன. பக்கத்து வீட்டு நாற்காலிகள்கூட இருந்த மாதிரி தோன்றியது.

"என்னம்மா இது, இவ்வளவு நாற்காலி?"

"தரை துடைச்சேங்க."

"கதவு ஏன் திறந்து கிடக்கு?"

"தரை காய வேணாமா?"

நியாயமாகப் பட்டது. சூப்பர்வைசர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே நம் ஜெபத்தை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தானும் அதைத்தான் நினைத்ததாகச் சொன்னாள். "நிதானமா பண்ணுங்க. அவசரமே இல்ல" என்றாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் ஜெபத்தைப் பற்றி அவள் அதுவரை அப்படிச் சொன்னதே கிடையாது.

வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் முழங்கால் போட்டேன். அவள் பக்கத்தில். கண்ணை மூடினேன். கண்ணை மூடிவிட்டால் நான் வேறு ஆள்.

முதலில் அவளுடைய உழைப்பை விவரித்தேன். இப்படி ஒரு பெண் இத்தனை பாரம் சுமப்பது தகுமா என்று ஆண்டவரையே கேட்டேன். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். "அந்த மூன்று பேருக்கும் என் புராஜெக்டை நான் எப்படி ஆண்டவரே புரியவைப்பேன்? லிஃப்ட் கட்டுக்கு மீறி வேகமாக இறங்கினால், இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடித்து அதை நிறுத்துகிற பூட்டு ஒன்று உண்டு. உமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?"

பின்னால் ஏதோ சரசரத்தது. காற்றில் திரைச்சீலை என்று நினைத்தேன். அப்போது என் மனைவி மெல்லிய குரலில், "அந்தப் பூட்டு எப்படித் தேயுதுன்னு தெளிவா சொல்ல இவருக்குக் கிருபை தாரும் ஆண்டவரே" என்றாள். இது குறுக்கே பேசுவதா, கூட ஜெபிப்பதா? சட்டத்தில் இதற்கு இடம் விட்டிருந்தேன் போலிருக்கிறது. தெளிவாகச் சொன்னேன்.

சொல்ல ஆரம்பித்தால் அது என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பூட்டின் பல் தேயத் தேய, சோதனைக்கு அதை இயக்கும்போது வருகிற சத்தம் மாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை என் காதே கண்டுபிடித்தது. போனை லிஃப்டின் மேல் ஒட்டவைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தேன். புதிய பூட்டு எப்படிக் கத்தும், பழைய பூட்டு எப்படி முனகும் என்று இரண்டையும் ஆண்டவருக்குக் கத்தியும் முனகியும் காட்டினேன். கையை வீசினேன். பூட்டைக் கழற்றாமலே அதன் ஆயுளைச் சொல்லிவிடலாம் என்றேன். உள்ளே ஏறுகிறவர்கள் பொத்தானைத்தான் பார்க்கிறார்கள், அவர்களைப் பிடித்து வைத்திருக்கிற பூட்டை யாரும் பார்ப்பதில்லை, அதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். எங்கேயோ ஒரு இருமல் கேட்டது. மேல்மாடி வீடாக இருக்கும்.

கடைசியில் தீர்ப்புக்கு வந்தேன். "இவ்வளவையும் நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது ஆண்டவரே. ஆகவே..."

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் மனைவி அப்படி ஆண்குரலில் சிரிக்கிறவள் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஜெபக்கூட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தது. ஜெபம் நடக்கிற வீட்டுக்குள் வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி வருவது எங்கள் சபை வழக்கம். சிரித்தவர் சூப்பர்வைசர்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். குதிக்க முடியாது, நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. அதற்குள் மேல்மாடித் தையல்கார அக்கா, "இத்தனை நாளா நான் லிஃப்டுல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் போவேன் தம்பி. இப்பதான் நிம்மதியாச்சு" என்றார். சூப்பர்வைசர் விடவில்லை. தண்டவாளத்தில் எண்ணெய் அதிகமாக இருந்தால் சத்தம் மாறுமே, உன் கணக்கு தப்பாகாதா என்று கேட்டார். தப்பாகாதே. ஆளில்லாமல் ஒருமுறை, பாரம் ஏற்றி ஒருமுறை என்று இரண்டு பதிவு எடுப்பது அதற்காகத்தானே. சொல்லிக்கொண்டே போனேன். பாதியில்தான் கவனித்தேன், நான் நடு அறையில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கண் திறந்திருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். ஒன்றுமே தெரியாத மாதிரி பால் வடியும் முகம்.

எல்லோரும் போனதும் கேட்டேன். "ஜெபக்கூட்டம் சூப்பர்வைசர் வீட்டுலதானே?"

"நம்ம வீட்டுக்கு மாத்திட்டேன். அண்ணன் காலையில சர்க்கரை பாக்க ரத்தம் குடுக்க வந்தார். நீங்க படிப்பை விடப்போறதைச் சொன்னார். நீங்க என்கிட்ட நேரா சொல்லமாட்டீங்க, ஜெபத்துலதான் சொல்லுவீங்கன்னு தெரியும்."

"ஆண்டவர் பேரால என்னை ஏமாத்திட்டே."

"நான் எங்க ஏமாத்தினேன்? உங்க வாயைத் திறக்கணும்னு தினமும் அவர்கிட்டதான் கேட்டேன். அவர் வேலையை அவர் பார்த்தார். நாலு பேருக்கு போன் பண்றது என் வேலை."

பிறகு தட்டை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். ரத்தம் எடுக்கும்போது இதோ குத்தப்போகிறேன் என்று தான் யாரிடமும் சொல்வதே இல்லை என்றாள். வீடு எங்கே, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாளாம். பதில் முடிவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிடுவாளாம்.

"அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல் இல்லைங்க. நெத்தி சில்லுன்னு இருந்துச்சு" என்றாள். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. என் கஷ்டத்தைக் கொண்டுவந்து அதுக்கு முட்டுக் குடுக்காதீங்க. படிக்கறது எனக்குக் கஷ்டம்தான். நீங்க பாதியில விட்டுட்டு உக்காந்திருக்கறதைப் பாக்கறது அதைவிடக் கஷ்டம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரி, என்னைக் கட்டிக்கொண்ட ஒரு விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாள் என்று தெரியவில்லை. கேட்கவும் பயம். ஏன் என்று திருப்பிக் கேட்பாள்.

அடுத்த வாரம் போனேன். அதே கதவு, அதே மூன்று கண்ணாடிகள். இந்தத் தடவை உள்ளே போனேன். முதல் வாக்கியம் வந்ததும் மற்றவை பின்னாலேயே வந்தன. ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். உயிர் போகவில்லை. கடைசியில் நடுவில் இருந்தவர், இந்தப் பல்கலைக்கழகக் கட்டிடத்து லிஃப்ட் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் படியேறித்தான் வந்தேன் சார் என்றேன். மூவரும் சிரித்தார்கள். தேர்ச்சி என்று அங்கேயே கைகொடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. பேராசிரியர்களிடமே பேசியாகிவிட்டது. இனி மனைவியிடமும் சுற்றிவளைக்காமல் பேசுவது என்று தீர்மானித்தேன். விஷயம் சின்னதுதான். படிப்பு முடிந்தது, சாயங்காலங்கள் இனி என்னுடையவை, சோபாவில் கால் நீட்டிப் படுப்பேன், கொஞ்ச காலம் என்னை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. நேருக்கு நேர் சொல்லிவிடுவது.

வீட்டில் அவள் மேஜை நிறையப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். தேர்ச்சி என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கலங்கிவிட்டது. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"உன்கிட்ட ஒரு விஷயம் நேரடியா பேசணும்."

"சொல்லுங்க" என்று புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

மூன்று பேராசிரியர்களும் சேர்ந்து பார்த்தாலும் அந்தப் பார்வை வராது.

"அதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணிடலாமா?" என்றேன்.

"பண்ணலாமே. இன்னிக்கு என் முறை" என்று முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, இவரைத் தேர்ச்சி பெறச் செய்தீர், ஸ்தோத்திரம். எனக்குப் பரீட்சை முடிகிறவரை சாயங்காலச் சமையல் முழுவதையும் தானே பார்த்துக்கொள்ளும் நல்ல மனதை இவருக்குக் கொடுத்தீரே, அதற்காகவும் ஸ்தோத்திரம்."

கணீரென்று ஆமென் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன்.