பிள்ளையை விற்கிற ரோமச் சட்டமும் ரீச்சரின் ரெலிபோனும்

மல்வேர்ன், கனடா,
மாசி 1996

பெருமதிப்புக்குரிய இரத்தினவேல் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் ஸ்ரீஸ்கந்தராசா பணிவுடன் வரைவது. தாங்களும் அக்காவும் விட்பிக் குளிரிலே நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கு நாங்கள் யாவரும் சுகம். சுகம் என்று எழுதுவது கடித மரியாதைக்குத்தான்; உண்மையில் எனக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. ரெலிபோனில் சொல்லியிருப்பேன், ஆனால் யாராவது ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது? வாசித்தவுடன் கிழித்துப்போடுங்கள். அத்தான், என் மகள் பிரதீபாவைக் கொஞ்சக் காலம் உங்கள் வீட்டு மேலறையில் வைத்திருப்பீர்களா? இல்லாவிட்டால் அவளை அரசாங்கம் கொண்டுபோய்விடும் என்று பயமாக இருக்கிறது.

இவ்வளவுக்கும் காரணம் பழைய ரோமர். ஆறாம் வகுப்புக்கு அவர்களைப் பற்றி ஒரு புரொஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் ரோட்டு, தண்ணீர் வாய்க்கால், சண்டை மைதானம் என்று நல்ல தலைப்பாகப் பொறுக்கிக்கொண்டு போக, எங்களுடையவளுக்கு மிஞ்சினது சட்டமும் அரசாங்கமும். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசியாரிடம் கிளாக்கராக இருந்தவன், வக்கீல் கந்தோர்க் காற்றுப் பட்டவன், இருப்பேனா? "பிள்ளை, ரோமர் செத்துப்போகேல்லை. ஒல்லாந்தர் கப்பலிலை கொண்டுவந்து இறக்கின ரோமன் டச்சுச் சட்டம்தான் எங்கடை நாட்டுக் கோட்டிலை இண்டைக்கும் நடக்குது" என்று சொன்னேன். "அப்ப நாங்களும் ரோமன்ஸா அப்பா?" என்று கேட்டாள். "ஓம், அரைவாசி" என்று சொல்லிப்போட்டன்.

பிறகு அவள் லைப்ரரியிலிருந்து பெரிய புத்தகமாகத் தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு நேரம் எங்களுக்கு வாசிக்கத் தொடங்கினாள். ரோமருக்கு அரசன் வேண்டாமாம், வருசத்துக்கு வருசம் இரண்டு தலைவர்களைத் தெரிவு செய்வார்களாம், ஒருவர் செய்வதை மற்றவர் மறிக்கலாமாம். "உங்கடை பழைய மாணவர் சங்கம் மாதிரி" எண்டு தாய்க்காரி ஜெயமலர் சொன்னா. அதுக்கடுத்த பக்கத்திலைதான் சனியன் இருந்தது. ரோமர் வீட்டிலை தகப்பன்தான் அரசாங்கமாம். பிள்ளையை விக்கலாமாம், கொல்லவும் உரிமை இருந்ததாம், மகனை மூண்டுதரம் வித்தால்தான் அவனுக்குத் தகப்பனிடமிருந்து விடுதலையாம். "மகளெண்டால்?" எண்டு ஜெயமலர் கேட்டா. "ஒருக்கால் காணுமாம்" எண்டு சொல்லிப்போட்டுப் பிள்ளை சோத்தைப் பிசைஞ்சுகொண்டு இருந்தாள். இதெல்லாத்தையும் வடிவாக எழுதி, கீழே 'எங்கள் நாட்டிலும் இன்றுவரை ரோமச் சட்டம்தான் என்று என் அப்பா பெருமையாகச் சொன்னார்' எண்டும் எழுதிக் குடுத்துப்போட்டாள். குடுத்தபிறகுதான் எனக்குச் சொன்னாள்.

அடுத்தநாள் வேலையாலை வந்து மெசேஜ் மெசினை அமத்தினால் ரீச்சரின் குரல். பிரதீபா தகப்பனைப் பற்றி எழுதினதைப் பற்றிக் கதைக்கவேணும், கட்டாயம் வரவேணும், "ஐ வாஸ் வெரி ஸ்ட்ரக்" எண்டு சொல்லுறா. அத்தான், எனக்குக் கோட்டு இங்கிலீசு நல்லாய்த் தெரியும். நான் ரைப் அடிச்ச அடிதடி வழக்கெல்லாத்திலையும் அந்தச் சொல்தான். எதிரி முறைப்பாட்டுக்காரனை உலக்கையால் ஸ்ட்ரக், வேலிக் கதியாலால் ஸ்ட்ரக். 'ஸ்ட்ரக்'கும் 'தகப்பனும்' ஒரே மூச்சிலை வந்தால் அது என்ன வழக்கெண்டு எனக்கோ தெரியாது? அடிக்கிற தாய்தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரிச்சுக்கொண்டு போக இங்கை சில்ட்ரன்ஸ் எயிட் எண்டு ஆக்கள் இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.

உடனே வீட்டிலை இருந்த அகப்பை, ஈர்க்குமாறு எல்லாத்தையும் குப்பைக்குள்ளை போட்டன். ஜெயமலர் குழம்பைத் தேக்கரண்டியாலை துழாவிக்கொண்டு என்னைத் திட்டுறா. அதுக்குள்ளை பிள்ளை ஐஸிலை வழுக்கி விழுந்து முழங்காலிலை கண்டல். கண்டலோடை எப்பிடிப் பள்ளிக்கூடம் அனுப்புறது? மறிச்சுப்போட்டன். ஏன் வரேல்லை எண்டு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு மெசேஜ். நேற்று ஒரு வெள்ளைக்காரர் கையிலை பைலோடை வந்து கதவைத் தட்டினார். நான்தான் போய்த் திறந்தன். உள்ளுக்குக் கூப்பிட்டு, வடையும் தேத்தண்ணியும் குடுத்து, "வி ஆர் ஹப்பி பமிலி, சேர்" எண்டு சொல்லி, பிரதீபாவைச் சிரிக்கச் சொன்னன். அவள் முழிச்சாள். "சிரி பிள்ளை" எண்டு கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லவேண்டியதாப் போச்சுது. அந்த மனிசன் ரெண்டு வடை சாப்பிட்டுப்போட்டு, குசினிக் குழாய் ஒழுகுதோ எண்டு பாக்க வந்தனான் எண்டார்.

நாளைக்கு ரீச்சரிட்டைப் போறன். வீட்டையும் நாட்டையும் விட்டிட்டு இவள் ஒருத்தியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தனாங்கள், அத்தான். இவளையும் கொண்டுபோனால் நான் இருந்து என்ன? எனக்குப் பயமாய் இருக்கு. மேலறையிலை ஒரு கட்டில் போட்டு வையுங்கோ.

தங்களுக்கும் அக்காவுக்கும் முருகன் துணை நிற்க. தாங்கள் எந்நாளும் எங்களுக்கு நிழலாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
நடுங்கும் கையுடன்,
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு: ரீச்சரிட்டைப் போட்டு வந்திட்டன். ஸ்ட்ரக் எண்டால் மனசிலை பட்டுது எண்டும் கருத்தாம். பிரக்கிராசியார் எனக்கு இதைச் சொல்லித்தரேல்லை. பிள்ளை கடைசிப் பக்கத்திலை எழுதினதை ரீச்சர் வாசிச்சுக் காட்டினா: 'ரோம அப்பாவுக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. எங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு அதிகாரம்தான். யாரும் கதவைத் தட்டினால் எங்களை அறைக்குள் அனுப்பிவிட்டு அவர் மட்டும் போய்த் திறப்பார். ஊரிலும் அப்படித்தான். கை நடுங்கும், ஆனால் அவர்தான் திறப்பார்.' ரீச்சருக்கு முன்னாலை நான் அழுதுபோட்டன், வெக்கமாப் போச்சுது. ஆனபடியால் கட்டில் வேண்டாம், மேலே எழுதினது ஒண்டையும் வாசியாதேங்கோ. இப்ப இதை எழுதேக்கை ஆரோ கதவைத் தட்டிச்சினம். நான் எழும்ப முன்னம் பிரதீபா, "நீங்கள் இருந்து எழுதுங்கோ அப்பா, நான் பாக்கிறன்" எண்டு போய்த் திறந்திட்டாள். ரோமன் சட்டத்திலை எனக்கு மிஞ்சியிருந்த அதிகாரமும் இண்டையோடை போச்சுது, அத்தான்.