பரண்காரரின் மாத்தாள் சட்டம்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வாத்தியாரை நியமிக்கும் அதிகாரம் இரண்டே இடங்களில்தான் இருந்தது. ஒன்று, சென்னைக் கோட்டை. இன்னொன்று, கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த பரண்காரர். கோட்டை போட்ட உத்தரவைப் பரண்காரர் ரத்து செய்திருக்கிறார். பரண்காரர் ரத்து செய்ததைக் கோட்டையால் ஒன்றும் பண்ண முடிந்ததில்லை.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நாலு வருஷம் பழகியும் எனக்குத் தெரியாது. மரவள்ளிக் காட்டில் பரண் கட்டிப் பன்றி விரட்டியதால் வந்த பட்டம்தான் பரண்காரர். எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே. ஐந்து வகுப்பு, நாற்பது பிள்ளைகள், ஒரே வாத்தியார் நான். எனக்கு முன்னால் வந்த யாரும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை என்பதால், காட்டுக்குப் போட்ட காவலை எனக்கும் போட்டிருந்தார்.

தினமும் ஒன்பது மணிக்கு ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். நான் இருந்தால் வெளிச்சுவரில் கரியால் ஒரு கோடு. இல்லாவிட்டால் பெருக்கல் குறி. ஒரு முறை கீழேயிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி என் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். "அது எதுக்குங்க, செவுத்தப் பாருங்க" என்று அவரை வெளியே கூட்டிப்போய்விட்டார் பரண்காரர். பதிவேட்டில் என் கையெழுத்து இருந்த இரண்டு திங்கட்கிழமைகளுக்குச் சுவரில் பெருக்கல் குறி இருந்தது. எனக்கு மெமோ வந்தது.

"உங்கள மாட்டிவிடோணும்னு இல்லீங்க சாமி. செவுரு பொய் சொல்லாதில்லீங்க" என்றார். அன்றே பேச்சை நிறுத்தினேன். மறுநாள் பலாச்சுளையோடு வந்தார். பேசிவிட்டேன்.

நாலாம் வருஷம் எனக்கு ராசிபுரத்துக்கு மாறுதல் வந்தது. அங்கே என் மனைவியும், எப்போதாவது வரும் என்னை 'மாமா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்ட இரண்டு வயது மகளும் இருந்தார்கள். ஆனால் உத்தரவில் ஒரு கொக்கி. மாற்று ஆசிரியர் வந்து பொறுப்பேற்றால்தான் என்னை விடுவிப்பார்கள். ஜூன் முடிவதற்குள் யாரும் வந்து சேராவிட்டால் மாறுதலே ரத்து. அந்த வரியை மட்டும் பரண்காரர் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பரண்ல இருக்கறவன் மாத்தாளு வராம கீழ எறங்கப்படாதுங்க. அது எங்க மலைச் சட்டமுங்க. சர்க்காருக்கு இப்பத்தான் அந்தப் புத்தி வந்திருக்குது."

சட்டத்தை அமல்படுத்தும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

முதல் மாத்தாள் பெரிய பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். பெட்டியைப் பணிவாக வாங்கி வைத்த பரண்காரர், "கரண்டு எப்பவாச்சும் வருமுங்க. கரடிதான் தவறாம வருமுங்க" என்று விவரம் சொன்னார். பெட்டி மறுபடி பஸ்ஸில் ஏறியது. இரண்டாமவரிடம் கரடி செல்லுபடியாகவில்லை. அவரை, "பள்ளிக்கொடம் கிட்டத்தானுங்க, வாங்க" என்று இரண்டு மணி நேரம் மேடும் பள்ளமுமாக நடத்தி, அதே பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டார். அவரும் போனார்.

"உங்களால என் குடும்பம் சந்தியில நிக்குதுங்க" என்று கத்தினேன். பரண்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். மகள் கல்யாணத்துக்கும் 'மாமா'வாகத்தான் போய் நிற்பேன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஜூன் முடிய இரண்டு நாள் இருக்கையில் ஓர் இளம் டீச்சர் வந்து இறங்கினார். சேதி தெரிந்து அவரைக் காப்பாற்ற நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவதற்குள், அவருடைய பையைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் பத்தே நிமிடத்தில் பள்ளிக்கே கூட்டிவந்துவிட்டார் பரண்காரர். டீச்சர் கையெழுத்துப் போட்டார். எனக்கு நம்பவே முடியவில்லை.

"இவங்கள மட்டும் எப்படீங்க விட்டீங்க?"

"எறங்குனதும் பிள்ளைங்க எத்தனன்னு கேட்டாங்க சாமி. முன்னால வந்த ரெண்டு பேரும், திரும்பிப் போறதுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுன்னு கேட்டாங்க. அவங்க கையெழுத்துப் போட்டா நீங்க போயிருவீங்க. மக்காநாளு அவங்களும் லீவு போட்டுட்டுப் போயிருவாங்க. அப்புறம் பள்ளிக்கொடத்துல பூட்டு மட்டுந்தான் இருக்கும்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "நான் வந்தன்னிக்கு என்னங்க கேட்டேன்?"

"நீங்களும் பஸ்ஸத்தாங்க கேட்டீங்க."

"அப்புறம்?"

"அப்ப எங்களுக்கு வேற ஆளில்லீங்க. கடசி பஸ்ஸு போயிருச்சுன்னு பொய் சொன்னனுங்க. நாலரைக்கு ஒண்ணு இருந்துச்சுங்க."

நாலு வருஷம் கழித்துத் தெரிந்த அந்தப் பொய்க்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனுஷரை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை என்பதுதான் அப்போது தெரிந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "இப்ப எனக்கு எத்தன மணிக்குங்க பஸ்ஸு?" என்று கேட்டேன்.

பரண்காரர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

"கடசி பஸ்ஸு போயிருச்சுங்க சாமி. காலையில போயிக்கலாம்."

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.