சம்பந்தி கண் சிமிட்டவேயில்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுக்கவிருப்பவன் பணிவோடும், அதைவிடப் பல மடங்கு வெட்கத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் உடலளவில் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க விழைகிறோம். முக்கியமாக, தங்கள் ரத்த அழுத்தம் இன்று காலை இருந்த அளவிலேயே இப்போதும் இருக்க வேண்டுகிறோம்.

எங்கள் இல்லத்தின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை என்று சொல்லத்தக்க முடிவைச் சென்ற மாதம் எடுத்தோம். கூடத்து மூலையில் இருந்த மேசைக்கணினிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அன்றாடப் புழக்கத்துக்கென்று மெல்லிய, எடையே இல்லாத மடிக்கணினி ஒன்றை வாங்குவது என்பதே அந்த முடிவு. பல அமர்வுகளில் விவாதித்தோம். மகள் தீர்மானத்தை முன்மொழிந்தாள். என் மைத்துனன், அதாவது ஞாயிறுதோறும் பகல் சாப்பாட்டுக்கு வரும் என் மனைவியின் தம்பி, வழிமொழிந்தான். "வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு ஒரு வேலையும் செய்யாம மூலையில உட்கார்ந்திருக்கு, அதுக்குத் துணைக்கு இன்னொண்ணா?" என்று என் மனைவி கேட்டாள். அவள் குறிப்பிட்டது கணினியைத்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே சென்றோம். ஞாயிறு காலையில் திரை வழியே பேசும்போது தங்கள் முகம் கட்டம் கட்டமாகத் தெரிவது சம்பந்தி மரியாதைக்கு ஏற்றதல்ல என்று நான் சுட்டிக்காட்டிய பிறகு தீர்மானம் நிறைவேறியது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், இன்று நடந்த அனைத்துக்கும் ஆரம்பம் தங்கள் மீது நாங்கள் கொண்ட மரியாதைதான் என்பதைத் தாங்கள் மனத்தில் வைக்க வேண்டும் என்பதே.

கடையில் விற்பனையாளர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். பேருந்தில் வரும்போது பை காலியாக இருப்பதுபோலவே தோன்றியதால் நான் அடிக்கடி திறந்து பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர், உள்ளே ஏதோ உயிருள்ளது இருக்கிறது என்று எண்ணி எழுந்து போய்விட்டார். வீட்டில் என் மனைவி அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி எங்க?" என்றாள். இவ்வளவு ஒல்லியான மூடியை மடித்தால் மடித்த இடத்தில் முறிந்துவிடும் என்று அஞ்சி, அதை மூடவே கூடாது என்று அன்றே விதி செய்தாள். தூசு படியாமலிருக்கத் திரைச்சீலையில் மிஞ்சிய துணியில் ஓர் உறை தைத்தாள்.

இங்கே பழைய கணினியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஓடும்போது மாவு அரைக்கும் ஆலைக்குள் இருப்பதுபோல் இருக்கும். அதை நிறுத்த எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி சுவர் சுவிட்ச். தட்டினால் ஒரு பெருமூச்சோடு அடங்கும். சத்தம் இருந்தால் ஓடுகிறது, சத்தம் இல்லாவிட்டால் நின்றுவிட்டது என்ற கணக்கில் நாங்கள் வளர்ந்தோம். புதியது ஓடும்போதும் சத்தம் போடுவதில்லை, நிற்கும்போதும் போடுவதில்லை. உள்ளே பேட்டரி இருக்கிறது, ஒருமுறை ஏற்றினால் பொழுது சாயும் வரை தாங்கும் என்று விற்பனையாளர் சொல்லத்தான் செய்தார். இந்த உடம்பில் அது எங்கே இருக்கப்போகிறது என்று நான் அதை வியாபாரப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் தங்களோடு பேசி முடித்து, மகள் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்திய பின், நான் என் பங்குக்குச் சுவர் சுவிட்சை அணைத்து, உறையைப் போர்த்துவேன். இன்று மகள் வீட்டில் இல்லை. திருமண உடைக்கு அளவு கொடுக்கத் தையல்காரரிடம் போயிருந்தாள். காலையில் தங்களோடு பேசி முடித்ததும் வழக்கம்போல் சுவர் சுவிட்சை மட்டும் அணைத்து உறையைப் போர்த்தினேன்; சிவப்புப் பொத்தானை நான் அழுத்தவில்லை. அது அவளுடைய இலாகா.

அடுத்ததாக, எழுதக் கை கூசும் விஷயம். மடிக்கணினி மேசையோடு மேசையாகப் படுத்துக்கொள்ளும் அளவுக்கு மெல்லியது என்பதால், முதல் ஞாயிறன்று என் முகத்துக்குப் பதில் மூக்குத் துவாரங்களும் கூரையும்தான் தங்களுக்குத் தெரிந்தன. "சம்பந்தி, உங்க வீட்டு ஃபேன் நல்லா சுத்துது" என்று தாங்கள் பெருந்தன்மையோடு சொன்னது நினைவிருக்கலாம். அடியில் உயரம் கொடுக்கும்படி மகள் சொன்னாள். தடியாகவும் உறுதியாகவும், எடுத்தால் யாரும் தேடாததாகவும் ஒரு பொருள் தேவைப்பட்டது. தங்கள் தன்வரலாற்றின் முதல் பாகத்தை வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. நில அளவைத் துறையில் உயர் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தாங்கள், அதையாவது ரசிக்கக்கூடும் என்று ஒரு சிறு நம்பிக்கை.

நம் பிள்ளைகள் ஒரே அலுவலகத்தில் பழகி, மணம் செய்துகொள்ள விரும்பி நம்மிடம் வந்தபோது தாங்கள் நெடுநாள் பிடி கொடுக்கவில்லை. பெண்ணின் தகப்பன் நூலகராக இருந்தவர், தங்கள் நூலை வரி விடாமல் படித்தவர் என்று மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் "அப்படின்னா வரச் சொல்லு" என்றீர்கள். மாப்பிள்ளையிடம் அப்படிச் சொன்னவன் நான். என் மகளுக்குத் தங்கள் வீட்டுக் கதவு திறந்தது அந்த ஒரு வாக்கியத்தால். பிறகு இரண்டாம் பாகத்துக்கு அணிந்துரை கேட்டீர்கள். திருமண வரவேற்பிலேயே வெளியிடலாம் என்றீர்கள். நானும் எழுதி அனுப்பினேன். அதில் "ஆற்றைக் கடக்கும் அத்தியாயத்தில் கண் கலங்காதவர் இருக்க முடியாது" என்று ஒரு வரி வரும். தங்கள் நூலில் ஆறு ஏதும் வருகிறதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நிலம் அளந்தவர் எங்காவது ஓர் ஆற்றைக் கடந்துதானே இருப்பார் என்ற ஊகம்தான். முதல் அத்தியாயத்தில் தாங்கள் பிறப்பதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன்.

இவையெல்லாம் தாங்கள் இன்று தங்கள் காதாலேயே கேட்டவை. இருந்தாலும் வரிசையாக ஒப்புக்கொள்கிறேன். ஓரிடத்தில் ஒலி சரியாக விழாமல், இன்னும் மோசமாக ஏதாவது சொல்லியிருப்பேனோ என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. சாப்பாடு முடிந்ததும் மைத்துனன்தான் ஆரம்பித்தான். "அத்தான், இன்னிக்கு சம்பந்தி எந்தக் காட்டை அளந்தாரு?" என்று கேட்டான். நான் எழுந்தேன். தாங்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவீர்களே, அதைச் செருமினேன். மடிக்கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி, அளவைச் சங்கிலிபோல் பிடித்துக்கொண்டு, கூடத்தைக் குறுக்காக அளந்தேன். "நான் அப்பவே மந்திரிகிட்ட சொன்னேன், கோடு இப்படித்தான் போகும், உங்க மாமியார் வீடு இருந்தாலும் போகும்" என்ற தங்கள் புகழ்பெற்ற இடத்தை மூன்று குரலில் நடித்தேன். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணமாகி இத்தனை வருடத்தில் நான் அவளை இவ்வளவு சிரிக்க வைத்ததில்லை. அந்த மயக்கத்தில்தான் அளவு மீறினேன் என்று கருதி மன்னிக்க வேண்டும்.

"நிலத்தை அளந்தது அவரு. நம்ம வீட்டை அளக்கிறது அந்தம்மா" என்று என் மனைவி சொன்னது சம்பந்தியம்மாவைத்தான். பேசும்போதெல்லாம் அவர்கள் பார்வை எங்கள் திரைச்சீலை, சோபா, சுவர்ப் பெயிண்ட் என்று போவதை அவள் மனத்தில் வைத்திருந்திருக்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். "உண்மையைச் சொல்லுங்க, அந்தப் புத்தகத்தைப் படிச்சீங்களா இல்லையா?" என்று என்னைக் கேட்டாள். சம்பந்தி அவர்களே, ஒரு நூலகனின் வாயிலிருந்து அப்போது வந்த சொற்களைத் தாங்கள் கேட்டீர்கள்: "படிக்கிறதாவது. இந்த வீட்டுல இவ்வளவு உபயோகமா இருக்கிற புத்தகம் வேற எதுவும் இல்ல. பாரு, அசையாம தாங்குது."

பிற்பகலில் செய்தி பார்க்கலாம் என்று உறையை நீக்கினேன். தாங்கள் இருந்தீர்கள்.

ஒரு புருவம் உயர்ந்திருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஏதோ ஒரு சொல்லைத் தொடங்கி, சொல்லத் தகுதியற்றவர்கள் என்று நிறுத்தியதுபோல் வாய் திறந்திருந்தது. வலக்கைச் சுட்டுவிரல் உயர்ந்து நின்றது. தங்கள் நெஞ்சுக்கு நேராக ஒரு சிறு வட்டம் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தது. எதிரில் இருப்பவரின் மனக்கொதிப்பைக் காட்டுவதற்கு இந்த நவீனக் கருவிகளில் செய்திருக்கும் ஏற்பாடு என்று புரிந்துகொண்டேன். "வணக்கம் சம்பந்தி" என்றேன். வட்டம் மட்டும் சுழன்றது. சோபாவில் படுத்திருந்த மைத்துனன் எட்டிப் பார்த்தான். "சரி அத்தான், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். தெருமுனையில்தான் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். தாங்கள் கண் சிமிட்டவில்லை. விளையாட்டாகச் சொன்னது என்றேன். சிமிட்டவில்லை. என் மனைவி தலைமுடியை முடிந்துகொண்டு வந்து நின்று, திரைச்சீலையை மாற்றிவிடுவதாகக்கூட வாக்களித்தாள். தங்கள் விரல் இறங்கவில்லை. நான் இடப்பக்கம் நகர்ந்து பார்த்தேன், வலப்பக்கம் நகர்ந்து பார்த்தேன். தங்கள் பார்வை எங்களை ஒரு பொருட்டாக மதித்துத் திரும்பவில்லை. உட்காரச் சொல்லாத வீட்டில் உட்காருவது எப்படி என்று எங்கள் கூடத்திலேயே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். "நாலு வார்த்தை திட்டிட்டாக்கூடத் தேவலை. இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா என்னங்க செய்றது?" என்று அவள் என் காதில் சொன்னாள். ஒரு மனிதர் இவ்வளவு நேரம் கோபத்தை அசையாமல் வைத்திருக்க முடியும் என்று நான் எந்த நூலிலும் படித்ததில்லை. தங்கள் நூலில் இருக்கலாம். கடைசியில் தாங்களாகவே திரையிலிருந்து மறைந்தீர்கள்.

பேச்சு தங்களை அசைக்காததால் எழுத்துக்கு வந்திருக்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மகள் இன்னும் வீடு திரும்பவில்லை. இந்நேரம் தையல்காரர் முன்னால் கையை விரித்து நின்றுகொண்டிருப்பாள். அவள் தங்கள் நூலைப் படித்ததாக யாரிடமும் சொன்னதில்லை. தங்களைப்போல் செருமியதும் இல்லை. அவளுக்குத் தங்கள் மகனைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் அவள் குற்றம். கோபத்தை என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். முதல் பாகத்தை முழுக்கப் படி என்று சொன்னாலும் ஏற்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் வணக்கங்களும், தலை குனிந்த நிலையில் என்னுடையவையும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், இன்னும் அவர் எங்கள் மாப்பிள்ளையாக இருக்கும் பட்சத்தில். தாங்கள் நீடு வாழ்ந்து பல பாகங்கள் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்காத,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: மகள் வந்துவிட்டாள். கடிதத்தைத் திரையிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். உறை வரும் இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், சுழலும் வட்டம் வந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அவரு ஒரு வார்த்தைகூட கேட்டிருக்க மாட்டாருப்பா. நீங்க அணைச்ச சுவிட்சுலதான் வைஃபை பெட்டியும் இருக்கு. அணைச்ச உடனே லைன் போயிருக்கும். நீங்க மன்னிப்பு கேட்டது ஹேங் ஆகி நின்ன படத்துக்கிட்ட. வாராவாரம் வைஃபையை அணைக்கிறது நீங்கதானா?" என்றாள். ஆகவே மேலே கண்ட எதையும் தாங்கள் கேட்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது. அவற்றில் எதுவும் நடக்கவும் இல்லை என்றே கொள்ளலாம். தங்கள் தன்வரலாறு என் மேசைமேல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அணிந்துரையில் ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை.

இந்தக் கடிதத்தை மடிக்கணினியில், தங்கள் படத்துக்குக் கீழே இருக்கும் கட்டத்தில் தட்டச்சு செய்துவந்தேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் பெரிய பொத்தானை அழுத்தினால் அது மேலே போய், ஓரத்தில் ஒரு சிறு கடிகாரத்தோடு நின்றுகொண்டது. பத்திரமாக இருக்கிறது, மகள் வந்ததும் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அஞ்சலில் சேர்க்கலாம் என்றிருந்தேன். மேலே உள்ள பின்குறிப்பை நான் தட்டிக்கொண்டிருந்தபோது, வைஃபை பெட்டியைப் பற்றித் தான் சொன்னது சரிதான் என்று காட்ட மகள் போய் அந்தச் சுவிட்சைப் போட்டாள். கடிகாரங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு குறி விழுந்தால் இங்கிருந்து போனது, இரண்டு விழுந்தால் அங்கே சேர்ந்தது, இரண்டும் நீலமானால் படித்தாகிவிட்டது என்று மகள் விளக்கினாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை. கடிதத்தின் எல்லாப் பத்திகளிலும் குறிகள் நீலமாக இருக்கின்றன.

பின்குறிப்பின் முதல் பத்திக்கு ஒரே ஒரு குறிதான் விழுந்திருக்கிறது. தங்கள் படம் இருந்த வட்டம் என் திரையில் சாம்பல் நிறமாக இருக்கிறது. மகளின் கைப்பேசியில் படம் இருக்கிறது. சற்றுமுன் அதில் தங்களிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது: "அழைப்பிதழோட மாதிரி அச்சு வந்துருச்சும்மா. நாளைக்குச் சாயங்காலம் நீயும் அம்மாவும் வந்து பார்த்துச் சொல்லுங்க." அவர்கள் நாளை ஐந்து மணிக்குக் கிளம்புகிறார்கள்.